ஆளுக்கொரு நாள்

பினாங்கு விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்ட கையோடு என் தங்கை வசந்தா, "யாருக்காச்சும் ஃபோன் பண்ணணும்னா இப்பவே பண்ணிடுக்கா" என்றாள். ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்பும் முன் நர்ஸ் சொல்வதுபோல இருந்தது. ஏன் என்று கேட்டேன். "வீட்டுக்குப் போனா தெரியும்லா" என்று சிரித்தாள். கல்யாணமாகி மலேசியா வந்த பதினைந்து வருடத்தில் அவள் பேச்சில் இந்த 'லா' நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் மகிழினிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நுழைவுத் தேர்வு எழுதி இடமும் வாங்கிவிட்டாள். கப்பலில் வேலை பார்க்கும் என் கணவர் எங்கோ நடுக்கடலிலிருந்து "அவ இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். வருடத்தில் ஒன்பது மாதம் வீட்டில் இல்லாதவருக்கு அப்படிச் சொல்வது சுலபம். தாம்பரத்தில் இருக்கும் மூன்று அறை வீட்டில் நானும் அவளும்தான். அவளும் போய்விட்டால் நான் மட்டும்தான். வருகிற திங்கட்கிழமைக்குள் பள்ளிக்குப் பதில் எழுத வேண்டும். ஒரு வாரம் வெளிநாட்டுக் காற்று பட்டால் மனசு மாறுவாள் என்பது என் கணக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடமாக அவள் குளிக்கப் போகும் நேரத்தில் அவள் கைபேசியை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விடுதிக்குப் போக அவள் இப்படித் துடிப்பதற்கு ஏதோ ஒரு காரணம், அநேகமாக மீசை முளைத்த காரணம், அதற்குள் இருக்கும் என்று தேடிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

வசந்தாவின் வீடு கெலுகோரில், எட்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் பாலமும் கடலும் தெரிகின்றன. கதவைத் திறந்தது பதினோரு வயது தேவி, வசந்தாவின் ஒரே மகள். கையில் பழைய சதுர பிஸ்கட் டின். "பெரியம்மா, ஃபோன்" என்று நீட்டினாள், கோயிலில் உண்டியல் நீட்டுவதுபோல.

விஷயம் இதுதான். வசந்தாவின் கணவர் மணியம் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். நாம் ரம்ஜான் என்கிற நோன்புப் பெருநாளும் பள்ளி விடுமுறையும் ஒட்டி வரும்போதுதான் மூன்று பேரும் சேர்ந்தாற்போல வீட்டில் இருப்பார்கள். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு விடுமுறையில், ஹாலில் உட்கார்ந்திருந்த மணியம் சமையலறையில் இருந்த மனைவிக்கு "சாப்பாடு ஆச்சா" என்று செய்தி அனுப்பினாராம். வசந்தா பதிலுக்குக் கட்டைவிரல் படம் அனுப்பிவிட்டு, அனுப்பிய கையோடு எழுந்து போய் வீட்டிலிருந்த எல்லாக் கைபேசிகளையும் டின்னுக்குள் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டாளாம். அன்றிலிருந்து இந்த விடுமுறைக்கு இதுதான் வழக்கம். அவசரத்துக்கு வசந்தாவிடம் ஒரு பட்டன் ஃபோன் உண்டு. அந்த எண் எங்கள் கப்பல்காரருக்கும் போய்விட்டது.

டின்னை விடச் சுவாரசியமானது அடுத்த விதி. ஆளுக்கொரு நாள். சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசை முடிவாகும். அன்றைய நாள்காரர் சொல்வதுதான் சட்டம். எங்கே போகிறோம் என்று மற்றவர்கள் கேட்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, வழி தெரியாவிட்டால் மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும். விருந்தாளிக்கும் நாள் உண்டு. குலுக்கியதில் மணியம், தேவி, மகிழ், வசந்தா, கடைசியில் நான்.

மகிழ் கேட்டவுடன் கைபேசியை அணைத்து டின்னுக்குள் போட்டாள். நான்தான் பத்து நிமிடம் அவகாசம் கேட்டேன். பிறகு நானும் போட்டேன்.

மறுநாள் மணியத்தின் நாள். "வாங்கக்கா, பசியாறிட்டுக் கிளம்பலாம்" என்று ஏழு மணிக்கே காரில் ஏற்றிவிட்டார். காலை உணவை இங்கே பசியாறுதல் என்கிறார்கள். நம் ஊரில் டிபன் என்று ஆங்கிலத்தில் சாப்பிடுகிறோம், இவர்கள் தமிழில் பசியாறுகிறார்கள். பரோட்டா மாதிரியான முட்டை ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும், மேலே நுரை பொங்க ஆற்றிய தே தாரே என்கிற டீயும். மகிழ் இரண்டு ரொட்டி சாப்பிட்டாள். வீட்டில் அவள் காலையில் சாப்பிட்டு நான் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன்.

பாலத்தில் ஊருக்குப் போகும் கார்களின் வரிசை. தீவைத் தாண்டி அக்கரைப் பெருநிலத்தில் இறங்கி, புக்கிட் தெங்காவை நெருங்கும்போது எங்கள் காரின் மூக்கிலிருந்து புகை வந்தது. மணியம் ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு பதற்றமும் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கோ கை தானாகப் பைக்குள் போய் வெறுமையைத் துழாவியது.

ஐந்து நிமிடத்தில் ஒரு வேன் வந்து நின்றது. அப்பா, அம்மா, மூன்று குழந்தைகள், ஐந்து பேரும் ஒரே கிளிப்பச்சையில் பெருநாள் உடை. சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்களாம். அந்த மனிதர் புத்தாடையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். அந்த அம்மாள் ஒரு டப்பாவை வசந்தாவின் கையில் திணித்து மலாயில் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"ரெண்டாங்காம், தேங்கா போட்டு வத்தவெச்ச கறி. பயப்படாம சாப்பிடுங்க, கோழிதான், மாடு இல்லன்னு சொல்றாங்க" என்றாள் வசந்தா.

நாங்கள் கேட்கவே இல்லை. நெற்றியைப் பார்த்ததும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் தெருவில் எதிர்வீட்டுக்காரர் என்ன சாப்பிடுவார், என்ன சாப்பிட மாட்டார் என்பது எனக்குத் தெரியுமா என்று நினைத்துப் பார்த்தேன். தெரியாது.

இத்தனை பாடுபட்டு மணியம் எங்களைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் வாசல். நான் முகம் சுளிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். காவலாளியிடம் சொல்லிவிட்டு வேலி ஓரமாக நடத்திக் கூட்டிப்போனார். ஒரு மரம், அடியில் சிமெண்ட் பெஞ்சு.

"இங்கதான் தினம் ரெஸ்ட் டைம்ல உக்காருவேன். வசந்தா கட்டிக் குடுக்குறத இங்கதான் சாப்பிடுவேன். அவ ஒரு தடவ கூட இந்த இடத்தப் பாத்ததில்ல" என்றார்.

வசந்தா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சாலையையே பார்த்தாள். "இவ்ளோ வெயில் அடிக்குது, தயிர் சாதம் கட்டிருப்பேனே, சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள். நாங்கள் அங்கேயே அந்த ரெண்டாங்கைச் சாப்பிட்டோம்.

இரண்டாம் நாள் தேவியுடையது. அவள் எங்களைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போய், ஃபெரியில் அக்கரைக்கும் இக்கரைக்குமாக மூன்று முறை போய்வர வைத்தாள். அக்கரையில் இறங்குவது, சுற்றி வந்து அதே ஃபெரியில் ஏறுவது. மணியம் பழைய ஃபெரிக்காக அங்கலாய்த்தார். அதில் காரையும் ஏற்றலாம், காற்றும் வருமாம். தேவி, "பா, முகம் சுளிக்கக் கூடாது" என்று அதட்டினாள்.

பிறகு ஜார்ஜ் டவுன் தெருக்கள். சுவரோவியங்கள் முன்னால் ஆட்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுவரைப் பார்த்தவர் யாரும் இல்லை, எல்லோரும் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். சிரித்தேன். கையில் கைபேசி இருந்திருந்தால் நானும் வரிசையில்தான் நின்றிருப்பேன்.

தேவி பையிலிருந்து பென்சிலும் காகிதமும் எடுத்தாள். ஒரு கடை முகப்பில், ஐந்தடிப் பாதை என்று இங்கே சொல்லும் கூரையுள்ள நடைபாதையில் எங்களை இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வைத்தாள். பின்னால் இருப்பவரின் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் வரைய வேண்டும். எனக்கு வாய்த்தது மகிழ்.

எனக்கு வரைய வராது. ஆனால் பெற்ற பெண்ணின் முகம் தெரியாதா? வட்ட முகம், அடர்ந்த புருவம், அவள் அப்பாவின் மூக்கு. கண்ணுக்குக் கீழே கடுகளவு மச்சம். மச்சத்தை மட்டும் தைரியமாகவே வைத்தேன். தேவி இரண்டு தாளையும் வாங்கி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தாள்.

மகிழின் தாளில் இருந்தது அச்சாக நான்தான். இடது புருவத்தில் சின்ன வயதில் பட்ட வெட்டு, மூக்குத்தி, மோவாயில் கை வைத்து உட்காரும் வழக்கம் உட்பட எல்லாமே இருந்தது. என் படத்தைப் பார்த்த தேவி, "பெரியம்மா, மச்சம் சைடு மாறிடுச்சு" என்றாள்.

"இல்லம்மா, இந்தப் பக்கம்தான்" என்று அடித்துச் சொன்னேன்.

மகிழ் திரும்பி என் முன்னால் முகத்தை நீட்டினாள். இடது கன்னம். நான் வலது கன்னத்தில் வைத்திருந்தேன். எப்படி மாறியது என்று எனக்குப் பிடிபடவில்லை. அவளே சொன்னாள். "என் டிபில அப்படித்தான்மா இருக்கும். செல்ஃபி கண்ணாடி மாதிரி, பக்கம் மாறித் தெரியும்." கோபம் இல்லாமல், பாடம் விளக்குவதுபோலத்தான் சொன்னாள். மணியம் கைதட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பதினாறு வருடமாக எதிரில் நடமாடும் முகத்தை விட்டுவிட்டு, கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு படத்திலிருந்து மகளை வரைந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மணியம் வாங்கித் தந்த செண்டோல் ஐஸ் இனிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் மகிழ் வீட்டுக்குக் கீழே நிறுத்தத்தில் எங்களை நிற்க வைத்து, முதலில் எந்த பஸ் வருகிறதோ அதில் ஏறுவோம், பத்தாவது நிறுத்தத்தில் இறங்குவோம் என்றாள். அங்கே என்ன இருக்கும் என்று வாய் வரை வந்த கேள்வியை விழுங்கினேன். பஸ் ஜெலுத்தோங் பக்கம் போனது. பத்தாவது நிறுத்தத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. ஒரு கடைவரிசை, பெருநாளுக்கு மூடிய ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடை, டயர் கடை, பின்னால் ஒரு சந்தை.

மகிழ் டயர் கடைச் சீனரிடம் போய்த் தனக்குத் தெரிந்த நான்கு மலாய்ச் சொற்களை ஆங்கிலத்தில் கலந்து, "அங்கிள், நீங்க எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள். அவர் எழுந்து வெளியே வந்து இரண்டு கையாலும் வழி காட்டினார். மகளுக்கு இவ்வளவு கூச்சமில்லாமல் பேசத் தெரியும் என்பதே எனக்குச் செய்தி. வீட்டில் அவள் பேசுவதெல்லாம் "ம்", "சரி", "அப்புறம்".

சந்தைக்குள் கூட்டம். வசந்தா கீரை விசாரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் மகிழைக் காணோம்.

ஊரில் என்றால் கைபேசியில் அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒரு நீலப்புள்ளி காட்டும். டியூஷன், தோழி வீடு, பஸ் நிறுத்தம் என்று அந்தப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டேதான் நான் அலுவலகத்தில் கோப்பு பார்ப்பேன். இங்கே புள்ளி இல்லை. மீன் கடை, கோழிக் கடை, பழக் கடை என்று ஓடினேன். "மகிழ், மகிழ்" என்று கத்தினேன். ஒரு சீனப் பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தி ஏதோ கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சந்தை வாசலில் ஓர் அப்பம் வண்டிக்கு முன் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள் மகிழ். பக்கத்தில் ஒரு தமிழ் அம்மாவோடு ஏதோ சிரிப்பு.

"உன்ன எங்கெல்லாம் தேடுறது?" என்று கத்தினேன்.

"அப்பம் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுத்தானேமா வந்தேன். நீ தலையாட்டின."

பக்கத்தில் நின்ற அம்மா, "நல்ல பிள்ளக்கா. அஞ்சு பேருக்கும் வாங்கணும்னு லைன்ல நிக்குது. ஏசாதீங்க" என்று சமாதானம் சொன்னார். தலையாட்டியது எனக்கு நினைவே இல்லை. தேங்காயும் வாழைப்பழமும் போட்டு மடித்த அந்த அப்பத்தை நான் நின்றுகொண்டே தின்று தீர்த்தேன்.

அன்று அவள் காணாமல் போனது பத்து நிமிடம்கூட இருக்காது. ஆனால் எனக்குள் இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த நமைச்சல் கிளம்பிவிட்டது. எனக்குத் தெரியாமல் இவளுக்குள் என்னென்னவோ இருக்கிறது. அது எல்லாம் ஃப்ரிட்ஜ் மேல் டின்னுக்குள் இருக்கிறது. என் புத்தி அப்படித்தான் போனது.

நான்காம் நாள் வசந்தாவுடையது. அவள் போட்ட சட்டம் ஒரே வரி. "இன்னிக்கு யாரும் என்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது." உப்பு எங்கே, சட்டை எங்கே, மதியத்துக்கு என்ன, எதுவும். சொல்லிவிட்டு ஜன்னல் ஓரம் பாய் விரித்துப் படுத்துவிட்டாள். மணியமும் இரண்டு பெண்களும் சாம்பார் வைத்தார்கள். புளி எந்த டப்பாவில் என்று தெரியாமல் மணியம் பதினோரு டப்பா திறந்தார். பாயில் கிடந்தவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். சாம்பார் ரசம்போல வந்தது, எல்லோரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டோம். மதியத்துக்கு மேல் மழை. மணியமும் தேவியும் வசந்தாவின் பாயிலேயே இடம் பிடித்துத் தூங்கினார்கள். மகிழ் குளிக்கப் போனாள்.

குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் என் கால் தானாக எழுந்துகொள்ளும். இரண்டு வருடப் பழக்கம். சமையலறைக்குப் போனேன். டின்னை இறக்கி மூடியைத் திறந்தேன். என் கைபேசி மேலாகத்தான் கிடந்தது. அதைத் தள்ளிவிட்டு அவளுடையதை எடுத்து ஆன் செய்தேன்.

திறக்கும் எண் அவள் பிறந்தநாள். மாற்றவே இல்லை. செய்திகளில் ஒன்றும் இல்லை. குறிப்பு எழுதும் இடத்துக்குப் போனேன். அவள் அங்கே அவ்வப்போது ஏதாவது எழுதி வைப்பாள். கடைசிக் குறிப்பு கிளம்பும் முந்தைய நாளுடையது. ஒரே ஒரு வரி. 'பினாங்கிலாவது அம்மா என்னிடம் கேட்பாளா?'

"படிச்சிட்டியா?"

மகிழ் வாசலில் நின்றாள். தலை நனையவே இல்லை. துண்டை மறந்து திரும்பி வந்திருக்கிறாள். நான் கைபேசியை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தேன், பதினாறு வயதுப் பெண் முன்னால் நாற்பத்தாறு வயதில். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு மொதல்லேருந்தே தெரியும்மா. நான் குளிச்சிட்டு வந்தா ஃபோன் சூடா இருக்கும்."

"அப்ப ஏன் நம்பரை மாத்தல?"

"மாத்தினா உனக்கு எப்படித் தெரியும்? உன்கிட்ட சொல்லணும்னு நெனைக்கிறதத்தான் அதுல எழுதுவேன். நேர்ல சொல்ல வந்தா நீ உன் ஃபோனப் பாத்துக்கிட்டு ம், ம்னு சொல்லுவ. அதுல எழுதினா ஒழுங்காப் படிப்ப. படிச்சிட்டு வந்து கேப்பன்னு நெனச்சேன்."

கைபேசியை டின்னுக்குள் திரும்பப் போட்டேன்.

"மேத்ஸ்ல மார்க் கொறஞ்சப்ப எழுதினேன். அன்னிக்கு சாயந்திரம் நீ வாழைக்கா பஜ்ஜி போட்ட. படிச்சிருக்கேன்னு புரிஞ்சுது. ஆனா கேக்கல. காவ்யா என்னோட பேசறத நிறுத்தினப்ப எழுதினேன். புது சுடிதார் வாங்கிக் குடுத்த. அப்பவும் கேக்கல."

கேட்டிருந்தால் உனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாளே, அந்தப் பயத்தில்தான் பஜ்ஜி போட்டேன். கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு வருடமாக எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். நான் திருடிப் படித்துவிட்டுப் பதில் போடாமல் இருந்திருக்கிறேன்.

"அதுக்கும் ஹாஸ்டலுக்கும் என்ன?" என்று கடைசியில் கேட்டேன்.

"அங்க ஃபோன் கெடையாது. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் ஃபோன்ல இருபது நிமிஷம் வீட்டுக்குப் பேசலாம். அப்ப நீ என்கிட்ட கேட்டுத்தானே ஆகணும்?"

சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் டின்னை மூடி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன்.  மீசை முளைத்த காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். காரணம் நான்.

ஐந்தாம் நாள் என்னுடையது. வரும் வழியிலேயே ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். மலை ரயில், பெரிய கோயில், பட்டாம்பூச்சித் தோட்டம். காலையில் வசந்தாவிடம் போய், "என் நாளை மகிழுக்குக் குடுத்துடறேன். அவ எங்க சொல்றாளோ அங்க போகலாம்" என்றேன். மன்னிப்பு கேட்பதற்குப் பதில் எதையாவது வாங்கிக் கொடுக்கும் அதே பழைய புத்திதான் என்று எனக்கே தெரிந்தது.

"அதெல்லாம் குடுக்க முடியாதுக்கா. உன் நாளு, உனக்கு என்ன வேணும்னு நீதான் சொல்லணும்" என்றாள் வசந்தா, தோசையைத் திருப்பியபடி.

எனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க மதியம் வரை ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை, முகமும் சுளிக்கவில்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு, பாடாங் கோத்தா கடற்கரைக்குப் போகலாம் என்றேன். கிளம்பும்போது மணியத்திடம் அவர் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அங்கே ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணன் கடையில் பசெம்போர் வாங்கினோம். வெள்ளரியும் வடையும் கணவாய் மீனும் வெட்டிப்போட்டு, மேலே இனிப்பும் காரமுமாக ஒரு குழம்பு. "பெருநாளுக்கு வந்திருக்கீங்களா? மெட்ராஸா?" என்று கேட்டுக் கூடுதலாக ஒரு வடை வெட்டிப் போட்டார். மணியமும் வசந்தாவும் தேவியும் அங்கேயே மேசையில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் மகிழை மட்டும் கூட்டிக்கொண்டு கடலோரச் சுவருக்கு நடந்தேன். புல்வெளியில் ஒரு குடும்பம் பட்டம் விட்டுக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் நாள் என்னுடையது, கூப்பிட்டால் வந்தாக வேண்டும்.

"திங்கட்கிழமை சரின்னு எழுதிடறேன். நீ போ" என்றேன்.

அவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

"ஆனா ஞாயித்துக்கிழமை இருபது நிமிஷம் எனக்குப் பேசத் தெரியாது மகிழ். பழகணும். இன்னிக்கு என் நாளு. நான் சொல்றதுதான் சட்டம். உக்காரு."

தேவி உட்கார வைத்தது போலவே முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தோம். அவளுக்கு எதிரே கடல், எனக்கு எதிரே புல்வெளி. மணியத்தின் கடிகாரத்தில் நேரம் பார்த்துக்கொண்டேன். காதருகே கையை வைத்து, "ஹலோ, மகிழினி இருக்காளா?" என்றேன்.

அவள் முதுகு நிமிர்ந்தது. பிறகு, "நான்தான் பேசறேன். சொல்லுமா" என்று குரல் வந்தது.

"சாப்பிட்டியா?"

"அது எல்லா அம்மாவும் கேக்கறது. சாப்பிட்டேன். அடுத்தது?"

"படிப்பெல்லாம் எப்படிப் போகுது?"

"போகுது."

அவ்வளவுதான், என் சரக்கு தீர்ந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பட்டம் ஒரு தரம் தலைகீழாக விழுந்து, மறுபடி எழும்பியது. 

"மேத்ஸ்ல மார்க் கொறஞ்சுதே, அப்ப அழுதியா?"

என் முதுகில் ஒட்டியிருந்த முதுகு அசையாமல் இருந்தது.

"அழுதேன்."

"எப்ப? நான் பாக்கவே இல்லையே."

"பாத்ரூம்ல. தண்ணியத் தெறந்து விட்டுட்டு."

"நான் வெளியதான்மா நின்னேன்." மிச்சமும் இருந்தது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சொன்னேன். "உன் ஃபோனப் பாத்துக்கிட்டு நின்னேன்."

  அவள் அழுகிறாளா என்று முதுகை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பிப் பார்க்கத் துடித்தேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் பார்க்க முடியாது என்பதால் பார்க்கவில்லை. தூரத்து மேசையிலிருந்து தேவி எங்களைப் பார்த்துக் கையாட்டினாள்.

"மகிழ், வெச்சிடவா?" என்று கேட்டேன்.

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"நாலு நிமிஷம்."

"இன்னும் பதினாறு நிமிஷம் இருக்கேம்மா" என்றாள். "வெக்காத."